மானியம் ஆயிடுச்சு

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, ஆராய்ச்சி செய்யும் தொழில்களுக்கு அரசு தரும் மானியத்துக்கும் வரிச் சலுகைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கமாம்! ஓய்வு பெற்றவளுக்கு வேறு வேலை இல்லை என்ற நினைப்பு. சரி, அந்த ஒரு பக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

தொழில் நடத்துகிறவர் ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க நினைத்தால் அரசு இரண்டு விதமாகக் கை கொடுக்கும். ஒன்று, நிதியுதவி. என்ன செய்யப் போகிறாய் என்று முன்கூட்டியே கேட்டு, நிபுணர் குழு ஒப்புக்கொண்டால், வேலை நடக்கும்போதே தவணை தவணையாகப் பணம் தரும். திருப்பித் தர வேண்டாம். ஆனால் சொன்னதைச் சொன்னபடி, சொன்ன தேதிக்குள், சொன்ன செலவு இனத்துக்கு மட்டுமே செலவு செய்ய வேண்டும். இரண்டாவது, வரிச் சலுகை. உன் பணத்தை நீயே போட்டு ஆராய்ச்சி செய், வருஷ முடிவில் அந்தச் செலவை வருமானத்தில் கழித்துக்கொள், வரி குறையும். சில வெளிநாடுகளில் லாபமே இல்லாதவருக்கும் இதைக் கையில் காசாகக் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை. லாபம் இருந்தால்தான் வரி, வரி இருந்தால்தான் சலுகை. நஷ்டத்தில் ஓடுகிறவர் அதை அடுத்தடுத்த வருஷங்களுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் சனிக்கிழமை கூலி போட அது உதவாது.

அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட ஆகவில்லை. விதிகள் வருஷா வருஷம் மாறும், அதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

மேலே முதல் வகைக்கு நான் நிதியுதவி என்று எழுதியிருக்கிறேன், மானியம் என்று எழுதவில்லை. இந்தச் சொல்லால் நான் பட்டது போதும். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் மானியம் என்றால் வரி இல்லாமல் விட்ட நிலம். இன்றைக்கு விவசாயி வீட்டில் மானியம் என்றால் பவர் டில்லர், பம்ப்செட், சொட்டுநீர். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கைக்காசைப் போட்டு வாங்கு, பில்லைக் கொடு, பிறகு உன் கணக்கில் பணம் வரும். பின்னேற்பு மானியம் என்று அதற்கு அலுவலகத்தில் பெயரே இருக்கிறது. ஆராய்ச்சிக்குத் தரும் நிதியுதவிக்கும் நாம் மானியம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அதில் முறை தலைகீழ். அனுமதி ஆணை கையில் வருவதற்கு முன்னால் ஒரு நட்டு போல்ட்டு வாங்கினாலும் அது செல்லாது.

இது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் ஆடிட்டராக இருந்தவள். நன்றாகவே தெரியும்.

ஜெசிந்தா பாபநாசத்தில் ஒரு பட்டறை வைத்திருந்தாள். இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சில வருஷம் வெளிநாட்டில் வேலை பார்த்தவள். திரும்பி வந்து, அப்பா விட்டுப்போன வெல்டிங் பட்டறையை எடுத்து, டிராக்டர் டிரெய்லர் கட்டுவது, அறுவடை மெஷின் பழுது பார்ப்பது என்று நடத்தினாள். அவளுடைய அண்ணன் சேவியர் சீர்காழிப் பக்கம் ரைஸ் மில் நடத்துகிறார், நல்ல லாபத்தில் ஓடும் மில். இரண்டு பேருடைய கணக்கையும் நான்தான் பார்த்தேன்.

குறுவை அறுப்பும் மழையும் சேர்ந்தே வரும் கொடுமை உங்களுக்குத் தெரியும். ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைத்து, மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, மறுபடி பிரித்து, கடைசியில் முளைத்துப்போன நெல்லை வாரிக்கொண்டு போகிறவர்களை நாம் வருஷா வருஷம் பார்க்கிறோம். பெரிய மில்களில் டிரையர் இருக்கிறது. ஆனால் இரண்டு ஏக்கர்க்காரர் அங்கே எப்படிக் கொண்டுபோவார்? ஜெசிந்தா ஒரு டிரெய்லரிலேயே டிரையரைக் கட்டினாள். உமியை எரித்து, அந்தச் சூட்டை ஒரு பெரிய ப்ளோயர் வைத்து நெல்லுக்குள் செலுத்துவது. களத்துக்கே இழுத்துக்கொண்டு போகலாம். சூடு ஒரே சீராக இருக்க வேண்டும், கூடினால் அரைக்கும்போது அரிசி நொறுங்கிவிடும். அந்தச் சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் அமைப்புதான் அவள் கண்டுபிடித்தது.

அவளுக்கு லாபம் கிடையாது, அதனால் வரிச் சலுகை பயன்படாது. நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னவள் நான், விண்ணப்பத்தை எழுதியவளும் நான். ஆவணி மாதம் ஒரு நாள், சீர்காழியில் சேவியர் மில் வேலையை முடித்துவிட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். போனில் மெயில் வந்தது. குழு அவளுடைய திட்டத்தைப் பரிந்துரை செய்திருக்கிறது! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆடுகிற பஸ்ஸில் டைப் அடிக்க முடியவில்லை, அவளுக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன். வீட்டுக்கு வந்து அதை மறந்தும் போனேன்.

அனுமதி ஆணை வர இன்னும் பன்னிரண்டு நாள் ஆனது. வந்ததும் ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பதினான்கு பக்கத்தை அப்படியே அவளுக்குத் திருப்பிவிட்டேன். உட்கார வைத்து ஒரு தடவை விளக்கியிருக்க வேண்டும். செய்யவில்லை. முதல் தவணை வந்தது, மெஷினும் எழும்பியது. இரண்டாம் தவணைக்கு முன்னால் ஒரு அதிகாரி சென்னையிலிருந்து நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு நான் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் தயாராக இருக்க வேண்டும். பணத்தை எதற்குக் கொடுத்தார்களோ அதற்கே செலவு செய்திருக்கிறார்கள் என்று ஆடிட்டர் தரும் சான்று அது.

செவ்வாய்க்கிழமை காலை பில்களைச் சரிபார்க்கப் பாபநாசத்துக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. சேவியரும் வந்திருந்தார். வியாழக்கிழமை சோதனைக்கு ஈர நெல் அனுப்புவது பற்றிப் பேச வந்தவர், டீயைக் குடித்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் பில்களைப் புரட்டிக்கொண்டே வந்தேன். ப்ளோயர் பில்லில் கை நின்றுவிட்டது.

"ஜெசிந்தா, இந்தத் தேதி சரியா?"

"சரிதாம்மா. கோயமுத்தூர்லேர்ந்து வந்துச்சே."

"அனுமதி ஆர்டர் வர்றதுக்கு ஒன்பது நாள் முன்னாடி வாங்கியிருக்க!"

"ஆமா. குறுவை அறுப்புக்குள்ள டிரையல் பாக்கணும்ல? நகைய வச்சு வாங்கிட்டேன். மொத தவண வந்ததும் அந்தக் கணக்குலேர்ந்து எடுத்து நகைய மீட்டுட்டேன். மானியம்னா அப்படித்தானே?"

மொத்தத் திட்டத்திலேயே பெரிய இனம் அந்த ப்ளோயர்தான். ஆணைக்கு முந்தைய செலவு செல்லாது. அது போக, நிதியுதவிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்து நகையை மீட்டிருக்கிறாள். நிதியை வேறு வழியில் திருப்பியதாகத் தெரிந்தால் முழுத் தொகையையும் வட்டியோடு திரும்பப் பெறலாம் என்று ஆணையில் தெளிவாக எழுதியிருந்தது. முழுத் தொகை என்றால் பட்டறையை விற்றாலும் தேறாது.

"யாரைக் கேட்டு வாங்கின?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வரும் என்பது நம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"நீங்கதானம்மா சொன்னீங்க, மானியம் ஆயிடுச்சுன்னு."

இந்த இடத்தில்தான் நான் அதைச் செய்தேன். யோசித்துச் செய்யவில்லை, வாய் தானாகத் திறந்தது. "குழு பரிந்துரை பண்ணியிருக்குன்னுதானே சொன்னேன்? ஆயிடுச்சுன்னு நான் எங்க சொன்னேன்?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். கை கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மேலே தள்ளினாள், இன்னும் மேலே தள்ளினாள். பிறகு போனை மேஜையில் வைத்தாள். பஸ் இரைச்சல், ஹாரன், நடுவில் என் குரல்.

"ஜெசிந்தா, ஆடிட்டர் பேசறேன். மானியம் ஆயிடுச்சும்மா! ஆக வேண்டியதைப் பாரு."

பட்டறையில் வெல்டிங் சத்தம் நின்றிருந்தது. சேவியர் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், "சரி, இப்ப என்ன பண்றதுன்னு பாப்போம்" என்றேன்.

அவள் கோயமுத்தூரில் ப்ளோயர் விற்றவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்தார். "இதுக்குப் போயி ஏன் மேடம் டென்ஷன் ஆகறீங்க? பழைய பில்லை ரிட்டர்ன் காட்டிடறேன். புதுசு போட்டுத் தர்றேன். என்ன தேதி வேணும், அதை மட்டும் சொல்லுங்க. எத்தனை பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கேன்!"

ஜெசிந்தா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒரு தேதிதானேம்மா. மெஷின் பொய்யா? ப்ளோயர் பொய்யா? எல்லாம் கண்ணு முன்னாடி நிக்கிது."

சேவியர் குறுக்கே வந்தார். "வேணாம் ஜெசி. மாட்டுனா அசிங்கம். நான் சொல்றதக் கேளு. கவுருமென்ட்டு பணத்த நான் கட்டிடறேன். மெஷின மில்லு பேருக்கு எழுதிடு. மீதி ஆராய்ச்சிய மில்லு செய்யட்டும். எனக்கு லாபம் இருக்கு, அந்தச் செலவ வரியில கழிச்சுக்குவேன். நீயே வந்து நின்னு நடத்து, சம்பளம் போட்டுத் தர்றேன். ஆடிட்டரம்மாவே சொல்லட்டும், இதுல எதாச்சும் தப்பு இருக்கா?"

தப்பு இல்லை. சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாத யோசனை. லாபம் உள்ள இடத்தில் ஆராய்ச்சியை வைத்தால் வரிச் சலுகை முழுசாகக் கிடைக்கும், எந்த அதிகாரியும் வந்து பில்லைப் பார்க்க மாட்டார். தங்கையைக் காப்பாற்றத்தான் அவர் சொன்னார், அதிலும் சந்தேகம் இல்லை.

"அப்ப இது யாரு மெஷின்ண்ணே?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"நம்ம மெஷின்தான்."

"நம்ம மெஷின்னா மில்லு மெஷின்." அவள் குரல் உடைந்துவிட்டது. "நாலு வருஷமாச்சு. வெந்து வெந்து கையெல்லாம் பாருங்க. எம்பேர்ல ஒண்ணு நிக்கணும்னுதானே இவ்வளவும்?"

நான் எழுந்து மெஷின் பக்கத்தில் போய் நின்றேன். ஏதோ யோசிப்பதற்கு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது, அதையும் சொல்லிவிடுகிறேன். தேதியை மாற்றினால் என் தப்பு யாருக்கும் தெரியாது. மில் பேருக்கு எழுதினாலும் தெரியாது. நடந்ததை நாமே கடிதமாக எழுதிக் கொடுத்தால் மட்டும்தான் என் பெயர் வெளியே வரும். கை, மனசு, எல்லாம் அந்த முதல் வழிக்கே இழுத்தது. கையெழுத்துப் போடப் பேனா எடுக்கிற தூரம்தான்.

என்னை நிறுத்தியது நேர்மை என்று சொன்னால் நம்பாதீர்கள். பயம்தான் நிறுத்தியது. ப்ளோயர் வந்து இறங்கிய அன்றைக்கே பட்டறை ஆட்கள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுப் படம் எடுத்து, வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார்கள். நானே பார்த்திருக்கிறேன். என்னவோ ஏதோ என்று நினைத்துத் தள்ளிவிட்டவள்தான் நான். எத்தனை போனில் அந்தப் படம் இருக்கிறதோ! அதோடு, பில்லை மாற்றித் தருகிற கோயமுத்தூர்க்காரர் அடுத்த மெஷினுக்கு விலையை ஏற்றினால் ஜெசிந்தாவால் வாயைத் திறக்க முடியுமா? வேலையை விட்டு நின்ற ஒரு ஆள் கோபத்தில் ஒரு கடுதாசி போட்டால் போதும். அதற்குப் பிறகு அந்த மெஷின் அவள் பேரில் இருந்து என்ன பிரயோசனம்?

உங்கள் மேஜைக்கும் இப்படி ஒரு பில் வரும். அது நல்லதா கெட்டதா என்று அப்போது யோசிக்க நேரம் இருக்காது. இதை மறைத்தால் யார் யாருக்கெல்லாம் என் கட்சிக்காரர் வாழ்நாள் முழுக்கப் பயப்பட வேண்டும் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். எனக்கு அந்த எண்ணிக்கை ஒரு கையில் அடங்கவில்லை.

திரும்பி வந்து சொன்னேன். "நாமே எழுதிக் குடுத்துடலாம் ஜெசிந்தா. ஆர்டருக்கு முன்னாடி வாங்கிட்டோம், தப்பு, அந்த இனத்தை எடுத்துடுங்கன்னு."

"லெட்டரு குடுத்து மொத்தமும் போச்சுன்னா?"

"போகலாம்."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

பூசி மெழுக நினைத்தேன். முடியவில்லை. "நான் வீட்டுக்குப் போவேன். நீதான் அண்ணன் மில்லுக்குப் போகணும்."

வெளியே ஒரு டிராக்டர் ஈர நெல்லை ஏற்றிக்கொண்டு கும்பகோணம் பக்கம் போனது. பிறகு, "எழுதுங்க" என்றாள்.

அவளுடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து எழுதினேன். முப்பது வருஷப் பழக்கம், கை தானாக ஓடியது. 'தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட தவறான புரிதல் காரணமாக, அனுமதி ஆணைக்கு முன்னரே கொள்முதல் செய்யப்பட்டுவிட்டது.' அச்செடுத்துக் கொடுத்தேன். ஜெசிந்தா படித்தாள். விரலை ஒரு சொல்லில் வைத்தாள்.

"ஏற்பட்டன்னா? யாரு ஏற்படுத்துனா?"

நான் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"செய்யப்பட்டுவிட்டதுன்னு போட்டிருக்கீங்க. செஞ்சது நான். எம்பேரு எங்க? சொன்னது நீங்க. உங்க பேரு எங்க? இது யாரோ ரோட்டுல போறவங்க செஞ்ச மாதிரியில்ல இருக்கு!"

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். 'குழு பரிந்துரை மட்டுமே செய்திருந்த நிலையில், நிதியுதவி உறுதியாகிவிட்டதாக ஆடிட்டராகிய நான் தவறாகச் சொன்னேன். அதை நம்பி உரிமையாளர் ப்ளோயரை வாங்கினார். விதியை நான் அவருக்கு விளக்கவில்லை.' இதை அடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. கீழே நான் ஒரு கையெழுத்தும் அவள் ஒரு கையெழுத்தும் போட்டோம். அன்றைக்கே மெயிலில் அனுப்பினோம். புதன்கிழமை முழுக்கப் பதில் இல்லை.

என் வழியனுப்பு விழாவில் நம் அலுவலகத்தார் மேடையேறிப் பாராட்டினார்களே, தன் தப்பைத் தானே எழுதிக் கொடுத்த அம்மா என்று, அது இந்தக் கடிதம்தான். இரண்டாவது வரைவு. முதல் வரைவை ஜெசிந்தாவைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை அதிகாரி பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும், மெதுவாகப் பேசுகிற மனிதர். கையில் எங்கள் கடிதம் இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "முதல்ல மெஷினை ஓட்டுங்க" என்றார்.

கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பி அனுப்பிய நெல் ஒரு டிரெய்லர் நின்றது. அதன் சொந்தக்காரர் பக்கத்து ஊர் விவசாயி. இரண்டு நாளாக வரிசையில் நின்று கண் சிவந்திருந்தது. அதிகாரி தன் மீட்டரையே கொண்டுவந்திருந்தார். நெல்லைப் போட்டுப் பார்த்தார், இருபத்திரண்டு. உமியைப் பற்றவைத்தார்கள். ப்ளோயர் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. செல்லாத ப்ளோயர் என்று அது ஊருக்கே சொல்வதாக எனக்குத் தோன்றியது.

முதல் ஒரு மணி நேரத்தில் இருபதுக்கு வந்தது. பிறகு இறங்கவில்லை. பத்தொன்பதரையில் நின்றது. மழைக் காற்று, உமியும் நமத்துப்போயிருந்தது. சேவியர் என் பக்கத்தில் வந்து, "மில்லு யோசனைய இன்னும் நான் விடல ஆடிட்டரம்மா" என்று மெல்லச் சொன்னார். ஜெசிந்தா யாரையும் பார்க்கவில்லை. சூட்டைக் கூட்டினால் ஈரம் சீக்கிரம் இறங்கும், அரிசி நொறுங்கும். பட்டறை ஆள் ஒருவர் வால்வில் கை வைத்தார். "எடுங்க கைய!" என்று அவள் போட்ட சத்தத்தில் அதிகாரியே திரும்பிப் பார்த்தார். காய்ந்த உமி மூட்டை ஒன்றைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அவளே போட்டாள். அவசரமே படவில்லை. எனக்குத்தான் புடவைத் தலைப்பு கசங்கி நூலாகிவிட்டது.

மதியம் ஒன்றரைக்கு அதிகாரி மறுபடி மீட்டரில் நெல்லைப் போட்டார். பதினாறே முக்கால். நாலு நெல்லை உரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அரிசி முழுசாக இருந்தது. விவசாயி யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, டிரெய்லரை மாட்டிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்கு ஓடினார்.

பிறகுதான் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தார். அதை முழுவதும் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான் சார்," என்றேன்.

"பத்து வருஷத்துல எனக்கு நிறைய விளக்கம் வந்திருக்கு. எல்லாத்துலயும் தவறு ஏற்பட்டிருக்கும். நான் தவறாகச் சொன்னேன்னு இதுலதான் பார்க்கறேன்." அவர் சிரிக்கவில்லை. "ப்ளோயர் தொகையை ஏத்துக்க முடியாது. பதினைஞ்சு நாள்ல வட்டியோட நிதியுதவிக் கணக்குல திரும்பக் கட்டணும். கட்டிட்டா திட்டம் தொடரலாம்னு நான் எழுதறேன். இந்த பில்லை மட்டும் தேதி மாத்தி வச்சிருந்தீங்கன்னா, இன்னைக்கே மொத்தத்தையும் நிறுத்தியிருப்பேன். ப்ளோயருக்கு உங்க ஆட்கள் மாலை போட்ட படம், தேதியோட, உங்க பட்டறை ஃபேஸ்புக் பக்கத்துலயே கிடக்குது." பிறகு என்னைப் பார்த்தார். "சான்றிதழ் வேற ஆடிட்டர்கிட்ட வாங்கச் சொல்லுங்க மேடம். இந்தத் திட்டத்துல இனி நீங்க கையெழுத்துப் போட வேண்டாம்."

"சரி சார்."

அவர் கார் ரோட்டில் ஏறியதும் பட்டறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சேவியர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். மில் நடத்துகிற ஆள், முழுசாக நின்ற அந்த அரிசியைப் பார்த்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "ஜெசி, மில்லுக்கு இதுல ஒண்ணு செஞ்சு குடு. முன்பணம் இன்னைக்கே தர்றேன். அதை வச்சு நீ கட்ட வேண்டியதக் கட்டிடு."

"பில்லு எங்கம்பெனி பேர்லதான் வரும்."

"வரட்டும்."

"தங்கச்சி வெலையெல்லாம் கெடயாதுண்ணே."

"அடிப்பாவி!" என்றார் சேவியர். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அவளையும் என்னோடு சேர்த்து, தப்பித்தோமாம்! ஃபைல்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா டீ கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"குடிங்கம்மா. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

"சான்றிதழுக்கு மட்டுமில்ல. மத்த கணக்கையும் இனிமே வேற ஆளுகிட்டக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"தப்பாச் சொல்லிட்டேன்னு கோபமா?"

"அய்யோ, அதுக்கு இல்லம்மா. தப்பு யாருக்கும் வரும். சந்தோசத்துல சொன்னீங்க, எனக்குத் தெரியாதா? லெட்டர்லயும் எழுதிட்டீங்க, பெரிய மனசுதான்." அவள் என்னை நேராகப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு நான் போன எடுத்துப் போட்டுக் காட்டலன்னா, சொல்லவே இல்லன்னுதானே நீங்க கடைசி வரைக்கும் நின்னுருப்பீங்க?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பொய்யாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. இந்தக் கேள்விக்கு இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. பையில் வைத்திருந்த அவளுடைய ஃபைல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அவள் மேஜையில் வைத்தேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, தஞ்சாவூர் பஸ்ஸுக்காக ரோட்டோரத்தில் போய் நின்றேன்.